நாலு வயசு மகன் நடக்காத ஒண்டை நடந்தது எண்டு சொல்றான். இது பொய்யா?

பிரிவு: பிள்ளை வளர்ப்பு

வாவிக்கரை | மட்டக்களப்பு | திங்கள், இரவு 10.20

எழுத வெட்கமா இருக்கு. ஆனா ஒரு கிழமையா நித்திரை இல்ல, ஆரிட்டயாவது சொல்லியே ஆகணும்.

மகனுக்கு நாலு வயசும் ரெண்டு மாசமும். வீட்டுக்குக் கிட்ட உள்ள நேசறிக்குப் போறான். போன மாசம் ஒரு பின்னேரம் கிணத்தடியில குளிக்கவாக்கக்குள்ள தோளுக்குக் கீழ கண்டிப்போய் நீலமாக் கிடந்ததக் கண்டன். "இதென்ன மனே?" எண்டு கேட்டன். "தெரியா" எண்டான். எனக்கு நெஞ்சு பதறிட்டு. "டீச்சர் அடிச்சவவா?" எண்டு கேட்டன். பேசாம நிண்டான். திரும்பவும் கேட்டன். தலையாட்டினான்.

மறுகா அம்மா கேட்டா. தம்பி மோட்டச்சைக்கிள்ள வந்து இறங்கினபடியே கேட்டான். இவர் கட்டார்ல இருந்து வீடியோ கோல்ல கேட்டார். படுக்கப் போகக்குள்ள, டீச்சர் அடிமட்டத்தால அடிச்சவ எண்டு சொன்னான். அடுத்த நாள், இருட்டறையில போட்டுப் பூட்டினவ எண்டான். அதுக்கடுத்த நாள், வீட்ட சொன்னா இன்னும் அடிப்பன் எண்டு வெருட்டினவ எண்டான்.

நாங்க போய்க் கடப்படியில நிண்டு சத்தம் போட்டம். புள்ளைகளக் கூட்டிப்போக வந்த தாய்மார் ஆறு பேர் கேட்டுக்கொண்டு நிண்டவங்க. டீச்சர் ஒண்டும் சொல்லல்ல, அழுதா. அடுத்த நாள்ல இருந்து அவ வேலைக்கு வரல்ல.

போன கிழமை பக்கத்து வளவுப் புள்ள, எட்டு வயசு, தாயிட்ட அழுதழுது சொல்லியிருக்கா. அண்டைக்கு இவனச் சைக்கிள் கரியல்ல ஏத்திக்கொண்டு போய் மதிலோட மோதிட்டாவாம். ஏசுவாங்க எண்டு பயந்து மறைச்சவவாம். அந்த நேசறி ஒரே மண்டபம், சுத்திவர அரைச்சுவர். பூட்டுறதுக்கு அறையே இல்ல. அத நான் எத்தின தரம் கண்டிருக்கன், அந்த நேரம் நினைவுக்கு வரவே இல்ல.

இப்ப பெரிய கஷ்டம் என்னெண்டா, மகன் இன்னமும் அடிச்சவ எண்டுதான் சொல்றான். "நீ சைக்கிள்ள இருந்து விழுந்த தானே?" எண்டு கேட்டா, "ஓம், டீச்சரும் அடிச்சவ, இருட்டா இருந்த" எண்டு சொல்லி உண்மையாவே அழுறான். இவன் பொய்க்காரனா வளர்றானா? நான் அந்த டீச்சரிட முகத்தில எப்படி முழிக்கிற?

படுவான்கரை | கொக்கட்டிச்சோலை | திங்கள், இரவு 10.51

மகள், பச்சப் புள்ளட வாயில பொய் வராது. எழுபது வயசில நான் கண்டது இது. அந்தப் புள்ளைக்கு இருட்டறையைப் பற்றி என்ன தெரியும்? காணாத ஒண்ட நாலு வயசுப் புள்ள எப்படிச் சொல்லும்? சைக்கிள்ளயும் விழுந்திருப்பான், அங்கயும் ஏதோ நடந்திருக்கும். அவசரப்பட்டு டீச்சரிட கால்ல போய் விழாதீங்க.

பாலர்வகுப்பு | செங்கலடி | செவ்வாய், காலை 5.40

ஐயா, பதினேழு வருசமா நான் இந்த வயசுப் புள்ளைகளோட இருக்கன். நீங்க சொன்னத நானும் முந்தி நம்பினவதான்.

போன வருசம் பக்கத்து வகுப்புக்குள்ள ஒரு ஆட்டுக்குட்டி பூந்திட்டு. எங்கட வகுப்புக்குள்ளதான் வந்தது எண்டு ஆரோ சொல்ல, அடுத்த நாள் நான் புள்ளைகளிட்ட "நேத்து வகுப்புக்குள்ள வந்த ஆட்டுக்குட்டி என்ன நிறம்?" எண்டு கேட்டன். ஒரு புள்ள வெள்ளை எண்டிச்சு. ஒண்டு கறுப்பு. இன்னொண்டு, கழுத்தில மணி கட்டியிருந்த எண்டு சொல்லிச்சு. அரைவாசிக்கு மேல பதில் சொன்னாங்க. "ஆடு வரல்ல டீச்சர்" எண்டு சொன்னது ரெண்டே ரெண்டு பேர், அதுவும் மெதுவா. டீச்சர் கேக்கிறா, அப்ப ஆடு வந்திருக்கத்தானே வேணும்? அப்படித்தான் அந்தப் புள்ளைகள் எடுத்திருப்பாங்க.

வாவிக்கரை, நீங்க எழுதினதில எனக்குக் குத்தின இடம் ஒண்டு இருக்கு. முதல் தரம் மகன் "தெரியா" எண்டு சொன்னான். அதுதான் அவன் தந்த சரியான பதில். அத ஒருத்தரும் ஏத்துக்கொள்ளல்ல. ஒரே கேள்விய ரெண்டாம் தரம் கேட்டா, முதல் சொன்னது பிழையாக்கும் எண்டுதான் சின்னப் புள்ள நினைக்கும். நாங்க வகுப்பில செய்றதும் அதுதானே? "ரெண்டும் ரெண்டும் அஞ்சா? வடிவா யோசிச்சுச் சொல்லுங்க" எண்டா பதிலை மாத்தச் சொல்றம் எண்டு அவங்களுக்குப் பழகிட்டு. எங்கட புள்ளைகள் பெரியாக்களுக்குச் சொல்ற "ஓம்" எப்பவும் ஆமாவும் இல்ல. "நான் கேட்டுக்கொண்டு நிக்கன், ஏசாதீங்க" எண்டதுக்கும் அந்த ஒரு சொல்தான்.

அந்த டீச்சர் வேலைக்கு வரல்ல எண்டத வாசிச்சு எனக்குக் கண் கலங்கிட்டு. அவவப் போய்ப் பாருங்க.

நாவல்மரத்தடி | திருக்கோவில் | செவ்வாய், பகல் 1.15

உளவளத்துணை வேலை செய்றன். வாவிக்கரை தங்கச்சி, மகன் பொய் சொல்லல்ல. உண்மை தெரிஞ்சுகொண்டு மாத்திச் சொல்றதுதான் பொய். அவனுக்கு இப்ப அது ஞாபகம். கண்ணால கண்டது எது, மற்றவங்க சொல்லிக் கேட்டது எது, மனசுக்குள்ள படமா ஓடினது எது எண்டு பிரிச்சுப் பாக்கிற பக்குவம் நாலு வயசில சரியா வந்திருக்காது. எங்களுக்கே சில நேரம் பிசகும்.

படுவான்கரை ஐயா கேட்டது நியாயமான கேள்வி, காணாத ஒண்ட புள்ள எப்படிச் சொல்லும் எண்டு. அதத்தான் 1995இல் அமெரிக்காவில லைக்ட்மன், சீசி எண்ட ரெண்டு ஆய்வாளர்கள் சோதிச்சுப் பாத்தவங்க. சாம் ஸ்டோன் எண்ட பேர்ல ஒரு ஆள் பாலர் பாடசாலைக்கு வாறார். ரெண்டு நிமிசம் சுத்திப் பாத்து, வணக்கம் சொல்லி, போயிடுறார். ஒண்டையும் தொடல்ல. சில புள்ளைகளுக்கு மட்டும் அவர் வர முதலே "சாம் ஸ்டோன் தடுமாறி எல்லாத்தையும் உடைக்கிற ஆள்" எண்டு கதை கதையாச் சொல்லி வச்சிருந்தாங்க. அவர் போன பிறகு பத்துக் கிழமைக்குள்ள நாலு தரம், "சாம் ஸ்டோன் புத்தகத்தக் கிழிச்சாரே, கோவத்திலயா, தெரியாமலா?" எண்ட மாதிரிக் கேட்டாங்க. கடைசியில புது ஆள் ஒருத்தர் வந்து விசாரிச்சார். இந்த ரெண்டும் சேர்ந்து நடந்த குழுவில, மூணு நாலு வயசுப் புள்ளைகள்ல 46 சதவீதம் பேர் தாங்களாவே அவர் நாசம் பண்ணினார் எண்டு சொன்னாங்க. குறிப்பாக் கேட்டப்ப அது 72 சதவீதமாச்சு. "நீ கண்ணால கண்டயா, உண்மையா?" எண்டு மறிச்சுக் கேட்ட பிறகும் 21 சதவீதம் பேர் கண்டது எண்டே நிண்டாங்க. கண்டதுக்குச் சாட்சியா அவங்களே புதுப்புதுசா விவரமும் சேத்தாங்க. அந்த வீடியோக்களப் பாத்த துறைசார்ந்த ஆக்களுக்கே எந்தப் புள்ள சொல்றது நடந்தது எண்டு பிரிச்சறிய முடியல்ல. விவரமா, அழுதுகொண்டு சொல்றான் எண்டது நடந்ததுக்குச் சாட்சி ஆகாது எண்டு இதால எனக்கு விளங்கின.

அதுக்கு முந்தின வருசம் சீசியும் வேற ஆய்வாளர்களும் செய்தது இன்னும் உங்களுக்குக் கிட்ட. "எலிப்பொறியில விரல் மாட்டி ஆசுபத்திரிக்குப் போன ஞாபகம் இருக்கா?" எண்டு பாலர் வயசுப் புள்ளைகளிட்ட கிழமைக்குக் கிழமை கேட்டாங்க. அப்படி ஒண்டு நடக்கவே இல்ல. அதுல ஒரு பொடியனுக்குப் பிறகு தாய் தகப்பன் உண்மையைச் சொன்னப்ப, நடந்ததுதான், எனக்கு ஞாபகம் இருக்கு எண்டு நிண்டிருக்கான்.

ஒண்டு கேக்கட்டா? முதல் ராத்திரி வீட்டில ஆர் ஆர் என்ன சொல்லி, என்ன கேட்டாங்க? ஆறுதலா யோசிச்சு எழுதுங்க.

வாவிக்கரை | மட்டக்களப்பு | செவ்வாய், இரவு 11.30

அக்கா, அம்மாவோட இருந்து யோசிச்சன். கை நடுங்குது.

"கையாலயா அடிச்ச, அடிமட்டத்தாலயா?" இது தம்பி கேட்டது. அடிமட்டம் அங்கதான் வந்திருக்கு.

அண்டிரவு அம்மா மடியில இவன வச்சுக்கொண்டு எங்களிட்ட "எங்கட காலத்தில இருட்டறையில போட்டுப் பூட்டுவாங்க, இப்பவும் அப்படியா செய்றாளுகள்?" எண்டு சொல்லியிருக்கா. இவன் நித்திரை எண்டு நாங்க நினைச்சம்.

மூணாவது, இவர் வீடியோவில கேட்டது: "வீட்ட சொல்லாத எண்டு வெருட்டினவவா மகன்? பயப்படாத, அப்பா இருக்கன்."

எல்லாமே எங்கட வாயால போனது. அவன் ஒண்டுமே சொந்தமாச் சொல்லல்ல. சோத்த உருட்டி ஊட்டுற மாதிரிக் கேள்விக்குள்ள பதில வச்சு ஊட்டியிருக்கம். ஒவ்வொண்டுக்கும் அவன் தலையாட்டக்குள்ள நாங்க அவனக் கட்டிப்பிடிச்சம். இவர் அண்டைக்கு ரெண்டு தரம் கோல் எடுத்தார், வழமையா ராத்திரியில ஒருக்காத்தான் எடுப்பார்.

கைத்தறி | மருதமுனை | புதன், காலை 9.05

ராத்தா, மனச விட்டுராதீங்க. எனக்கு நடந்த ஒண்டச் சொல்றன்.

2011 ஆகஸ்ட், உடம்பில கிறீஸ் பூசின மர்ம ஆள் ராத்திரியில வாறான் எண்ட கிறீஸ் பூதம் கதை கிழக்கு முழுக்கப் பரவின நேரம். நோன்பு மாசம். ஆம்புளைகள் தராவீஹ் தொழப் போனா ஊட்டுல பொம்புளைகளும் சின்னப்புள்ளைகளும் கதவப் பூட்டிட்டு ஒரே அறைக்குள்ள இருப்பாங்க. எனக்கு ஆறு வயசு. அந்த நாள்ல சில இடத்தில உண்மையா என்ன நடந்த எண்டு பேச நான் வரல்ல. என்ட கதைய மட்டும் சொல்றன்.

கிணத்தடி முருங்கை மரத்துக்குப் பக்கத்தில கறுப்பா, எண்ணெய் பூசின மாதிரி மினுங்கிக்கொண்டு ஒருத்தன் நிண்டத நான் கண்டன். காலுக்குக் கீழ ஸ்பிரிங். இண்டைக்கும் கண்ண மூடினா அந்த மினுக்கம் தெரியும். ஏ.எல். படிக்கக்குள்ள ஒரு நாள் உம்மாட்ட இதச் சொன்னன். உம்மா என்னப் பாத்து, "மகன், அந்தக் கிழமை நாம சம்மாந்துறை மூத்தம்மா ஊட்டுலல்லவா இருந்த? பயத்துக்கு வாப்பா நம்மளக் கொண்டுபோய் விட்டாரே" எண்டாங்க. முருங்கை மரம் எங்கட வளவில. நான் அங்க இருக்கவே இல்ல.

பிறகு யோசிச்சப்ப எனக்குப் பட்டது இதுதான். பெரியாக்கள் "வந்தானாம்", "பாஞ்சானாம்" எண்டுதான் கதைச்சிருப்பாங்க. கேட்ட கதை எண்டு அந்த "ஆம்" காட்டித் தந்திரும். சின்னப்புள்ளைக்கு அந்த "ஆம்" கழண்டு விழுந்திரும். "வந்தானாம்" எண்டு கேட்ட நான் "வந்தான்" எண்டு வச்சிருக்கன், மறுகா அதையே "கண்டன்" எண்டு ஆக்கியிருக்கன்.

நாவல்மரத்தடி | திருக்கோவில் | புதன், காலை 9.40

கைத்தறி தம்பி, அந்த "ஆம்" விசயத்த நான் இனி என்ட வகுப்புகள்ல சொல்லப்போறன். 2006இல் வெளியான ஒரு ஆய்வும் இதேதான். பாலர் பாடசாலையில ஒரு மந்திரவித்தைக்காரர் தொப்பிக்குள்ள இருந்து முயல் எடுக்க ஏலாமத் தோத்துப்போறார். முயல் தப்பி ஓடிட்டு எண்டு பெரியாக்கள் கதைக்கிறத சில புள்ளைகளுக்குக் காதில விழ விட்டாங்க. பிறகு கேட்டா, காதில விழுந்த புள்ளைகளும், அதுகளிட்ட இருந்து கதையா மட்டும் கேட்ட மற்றப் புள்ளைகளும் முயல் ஓடினதச் சொன்னாங்க. பல பேர் கண்ணால கண்டதாவே சொன்னாங்க. வற்புறுத்திக் கேக்காம, சாதாரணமாக் கேட்ட புள்ளைகளும் அப்படித்தான் சொன்னாங்க.

பெயர் வேண்டாம் | அம்பாறை மாவட்டம் | புதன், மாலை 6.22

இதையெல்லாம் வாசிக்க எனக்குக் கோவம் வருது. வாவிக்கரை மேல இல்ல.

எனக்கு ஏழு வயசில ஒண்டு நடந்த. ஒருத்தரும் கேக்காம நானாப் போய்ச் சொன்னன். "நீ கனவு கண்டிருப்பாய், அவர் அப்படிப்பட்ட ஆளில்ல, அப்படி ஒண்டும் நடக்கல்ல தானே?" எண்டு கேட்டாங்க. நாலைஞ்சு தரம் கேட்ட பிறகு நான் "ஓம், நடக்கல்ல" எண்டு சொன்னன். கன வருசம், நடந்ததா கனவா எண்டு எனக்கே தெரியாம இருந்தன். இந்த 72, 46 எல்லாத்தையும் நாளைக்கு ஒருத்தன் எடுத்துக்கொண்டு வந்து, புள்ள சொன்னா நம்ப ஏலாது எண்டு சொல்லுவான். சொல்ற வாயையும் மூடிருவாங்க. அதையும் யோசிச்சு எழுதுங்க.

நாவல்மரத்தடி | திருக்கோவில் | புதன், இரவு 8.10

நீங்க சொன்னதுக்குத் தலை வணங்குறன். மேல நான் எழுதினது பாதிதான், மற்றப் பாதிய அப்பவே எழுதியிருக்கணும்.

ஒருத்தரும் ஊட்டாம, புள்ள தன்ட சொல்லால சொல்றது பெரும்பாலும் சரியாவே இருக்கும். கொஞ்சமாத்தான் சொல்லும், ஆனா நம்பலாம். அதே ஆய்வுகள் காட்டினதுதான் இதுவும். உங்களிட்ட ஒருத்தரும் கேக்கல்ல. நீங்களாச் சொன்னீங்க. உங்களுக்கு நடந்ததும் ஊட்டினதுதான், மறுபக்கத்தால. "அடிச்சவ தானே?" எண்டு நடக்காதத ஏத்துற மாதிரி, "நடக்கல்ல தானே?" எண்டு நடந்தத அழிக்கவும் ஏலும். புரூக், சீசி ரெண்டு பேரும் வேற ஆய்வாளர்களோட சேர்ந்து 1995இல் வெளியிட்ட ஒரு ஆய்வில, அஞ்சு வயசில ஊசி போட்ட புள்ளைகளிட்ட ஒரு வருசத்துக்குப் பிறகு, நீ அழவே இல்ல, உனக்கு நோகல்ல எண்டு திரும்பத் திரும்பச் சொன்னாங்க. அப்படிச் சொல்லப்பட்ட புள்ளைகள் மற்றப் புள்ளைகள விடக் குறைவா அழுததாவும் குறைவா நொந்ததாவும் சொன்னாங்க. நோவையே மறக்கப்பண்ணலாம் எண்டா பாருங்க.

அதால எங்கட பயத்த, எங்கட விருப்பத்தக் கேள்விக்குள்ள வைக்கக்கூடாது. அது எந்தப் பக்கத்துப் பயம் எண்டாலும் சரி. "என்ன நடந்த, சொல்லு" எண்டு கேட்டுட்டு வாய மூடிக்கொண்டு இருக்கணும். நிறுத்தினா, எங்கட ஊர்ச் சொல்லே போதும்: "மறுகா?" மைக்கல் லாம் எண்டவரும் அவரோட வேலை செய்தவங்களும் சிறுவர் விசாரணைக்கு ஒரு முறை வகுத்திருக்காங்க, அதில பெரிய இடம் இந்தக் கேள்விக்குத்தான். தொடங்க முதல் புள்ளைக்கு ரெண்டு விசயம் சொல்லிக்குடுப்பாங்க: எனக்கு என்ன நடந்த எண்டு தெரியா, நான் அங்க இருக்கல்ல. உனக்குத் தெரியாட்டித் தெரியா எண்டு சொல்லலாம்.

புள்ள தானாப் பாரதூரமான ஒண்டச் சொன்னா வீட்டில வச்சுக் குடைய வேணாம். சொன்ன சொல்லை அப்படியே எழுதி வச்சுட்டு 1929க்கு எடுங்க. அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையிட இலக்கம்.

சட்டப்புத்தகம் | கல்முனை | வியாழன், காலை 7.30

வழக்குப் பக்கம் இருந்து கொஞ்சம். நம் சான்றுக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டினது. சாட்சி சொல்ல அதில் வயதெல்லை கிடையாது. கேள்வியை விளங்கி அறிவுக்குப் பொருந்தப் பதில் சொல்ல முடிந்தால் போதும். ஆனால் எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால், தன் சாட்சியை முதல் விசாரணை செய்யும் சட்டத்தரணி விடையைச் சுட்டும் கேள்வி கேட்க நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும் என்கிறது 142ஆம் பிரிவு. வளர்ந்த சாட்சிக்கே இந்தப் பாதுகாப்பு. நான்கு வயதுப் பிள்ளையோ நீதிமன்றப் படியேறும் முன்பே வீட்டில், அயலில், பொலிசில் எத்தனையோ தடவை இப்படிக் கேட்கப்பட்டிருக்கும். 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் சிறுவர் சாட்சியின் முதல் நேர்காணலை வீடியோவில் பதிந்து சான்றாக வைக்க வழி செய்தது. அந்தப் பதிவில் பதிலைவிடக் கேள்வியைத்தான் நான் முதலில் கேட்பேன்.

பிள்ளைகளைத் துஷ்பிரயோகம் செய்ததாகக் கலிபோர்னியாவில் 1983இல் தொடங்கிய மக்மார்ட்டின் பாலர் பாடசாலை வழக்கு 1990இல்தான் முடிந்தது. ஒருவர்கூடக் குற்றவாளியாகக் காணப்படவில்லை. அங்கே பிள்ளைகளை விசாரித்த விதத்தைப் பின்பற்றி 1998இல் ஒரு சோதனை செய்தார்கள். "மற்றப் பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள்" என்பது, வேண்டிய பதிலுக்குப் பாராட்டுவது போன்றவை. அப்படிக் கேட்கப்பட்ட பிள்ளைகள் பொய்யான குற்றச்சாட்டுகளுக்கு 58 சதவீதம் ஆம் என்றார்கள். சுட்டும் கேள்வி மட்டும் கேட்கப்பட்டவர்கள் 17 சதவீதம். வாவிக்கரை, நீங்கள் எழுதிய அந்தக் கட்டிப்பிடிப்பும் இரண்டாவது தொலைபேசி அழைப்பும் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தன.

படுவான்கரை | கொக்கட்டிச்சோலை | வியாழன், இரவு 7.55

மகள், நான் முதல் எழுதினத ரெண்டு நாளா யோசிச்சுக்கொண்டு கிடக்கன். எங்கட தான்தோன்றீஸ்வரர் கோயில்ல கல்நந்தி புல்லுத் திண்ட கதை இஞ்ச எல்லாருக்கும் தெரியும். பறங்கியன் காலத்துக் கதை. பேத்திக்கு அஞ்சு வயசு, அவளுக்கு நான் எத்தினையோ தரம் சொல்லியிருக்கன். இண்டைக்கு அவள மடியில வச்சு, நந்தியப் பற்றிச் சொல்லு எண்டன். "நான் கண்டன் அப்பப்பா, புல்லுத் திண்டிட்டு என்னப் பாத்த" எண்டாள். கண் கூசாமச் சொன்னாள். அவள் பொய் சொல்லல்ல. நான் சொன்னதத்தான் அவள் கண்டிருக்காள். அந்த டீச்சர்ல நானும் குற்றம் சாட்டிட்டன். பிழைதான்.

வாவிக்கரை | மட்டக்களப்பு | ஞாயிறு, இரவு 9.15

டீச்சரிட வீட்ட போனன், அம்மாவோட. வாசல்லயே நிண்டு சொன்னன், எங்கட பிழை எண்டு. அவ உள்ள கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணி தந்தா. கோவப்படல்ல. மகன் எப்படி இருக்கான் எண்டுதான் முதல் கேட்டா. சொன்னன். இனி இதப் பற்றி ஒருத்தரும் அவனிட்டக் கேக்க வேணாம், "சைக்கிள்ளதானே விழுந்த" எண்டும் கேக்க வேணாம் எண்டா. மறுகா, கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டுச் சொன்னா, "என்னிட்ட வந்து சொன்னது காணாது. அண்டைக்குக் கடப்படியில நிண்டு கேட்ட ஆக்களுக்கும் சொல்லுங்க. அது இல்லாம எனக்கு அங்க திரும்பிப் போக ஏலா."

நேத்தும் இண்டைக்கும் வீடு வீடாப் போனன். அஞ்சு பேர் கேட்டாங்க, ரெண்டு பேர் டீச்சருக்குக் கோலும் எடுத்தாங்க. ஆறாவது அம்மா நம்பல்ல. என்னில பரிதாபப்பட்டுச் சொன்னா, "உங்கள வெருட்டித்தான் மாத்திச் சொல்ல வைக்கிறாங்க அக்கா. என்ட மகளும் சொல்றாள், உங்கட மகன இருட்டறையில போட்டுப் பூட்டினத அவளும் கண்டவளாம். கதவு கறுப்பாம், பெரிய பூட்டாம்."

அந்தப் புள்ளைக்கும் நாலு வயசுதான். தாய்க்குப் பின்னால சீலையப் பிடிச்சுக்கொண்டு நிண்டு என்னப் பாத்தது.

நாளைக்குக் காலையில நேசறிக்கு வாங்க, ரெண்டு பேருமாப் போய் அந்த மண்டபத்த ஒருக்காச் சுத்திப் பாத்துட்டு வருவம் எண்டு அந்த அம்மாவக் கூப்பிட்டிருக்கன். எட்டு மணிக்கு. வாறன் எண்டும் சொல்லல்ல, மாட்டன் எண்டும் சொல்லல்ல.